மாரிகாலத்தில் மோட்டார் வண்டி

மட்டக்களப்பு நாட்டிற்கு வைகாசி, ஆனி மாதங்களின் தென்மேல் பருவக்காற்று மழையைத் தருவதில்லை, வெப்பத்தையே தருகின்றது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கிப் பெப்ரவரிக்குள் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து கொட்டித் தீர்த்துவிடும். இவ்வியல்பு வேளாண்மை செய்வோர் நன்கறிந்தது. வண்டி செலுத்துவோரும் அறியவேண்டியது.

நெடுங்கோடையில் தார்வீதியின் மேல் புழுதியும், வண்டிகள் சிந்திய எண்ணெயும், ரயர் தேய்ந்து உதிர்ந்த றப்பர்த் துகளும் படிந்து கிடக்கும். முதல் மழையின் முதல் அரைமணி நேரத்தில் இவையெல்லாம் குழைந்து வழுக்குப் பசையாகின்றன. பின்னர் பெய்யும் பெருமழை அதனைக் கழுவிவிடும். ஆகவே, பலரும் பொருட்படுத்தாத அந்தச் சிறு தூற்றலே மோட்டார் சைக்கிளில் செல்வோரை அதிகம் வீழ்த்துவது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகின்றது. முன்வண்டிக்கும் தன் வண்டிக்கும் இடையே உலர்ந்த வீதியில் இரண்டு விநாடித் தூரம் விடுபவர், நனைந்த வீதியில் நான்கு விநாடித் தூரம் விடுதல் வேண்டும்.

வயலும் மேய்ச்சல் தரையும் நீரில் மூழ்கியதும், மாடுகளும் எருமைகளும் மேடான வீதியை நாடி வந்து படுத்துவிடுகின்றன. மழையிருளில் எருமையைக் காண்பது எளிதன்று. அவற்றைக் குறை கூறுவதிற் பயனில்லை; அவற்றிற்கு வேறு மேட்டுநிலம் ஏது?

எனினும் உயிருக்குப் பெருங்கேடு விளையுமிடம் தாம்போதியே. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்ல அங்கே ஓடத்திற்குக் காத்திருக்கவேண்டியதில்லை. ஆயினும் உள்வீதிகள் பல வயல்களுக்கிடையே தாழ்ந்தே கிடக்கின்றன. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி வெள்ளத்தில் மூழ்குவதும், மக்கள் படகில் ஏறிக் கடப்பதும் மாரிதோறும் காணும் காட்சி. மழை ஓய்ந்துவிட்டதே என்று இவ்வீதிகளில் துணிந்து இறங்குதல் தகாது. மேற்கே பெய்த மழை உன்னிச்சைக் குளத்தை நிரப்ப, அதன் வான்கதவுகள் திறக்கப்படும்போது, தலைக்குமேல் வெயிலடிக்கையிலும் தாம்போதியில் நீர் ஏறும். வாவி நிறைந்து, முகத்துவாரம் வெட்டப்பட்டு, வெள்ளம் கடலிற் சேரும்வரை அந்நீர் வடியாது.

ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள சிறு காரின் அடித்தளம் ஏறக்குறைய ஆறு சதுரமீற்றர் பரப்புடையது எனக் கொள்வோம். அத்தளத்திற்கு மேல் நீர் ஒவ்வொரு பத்துச் சென்ரிமீற்றர் உயரும்போதும் வண்டி 600 கிலோகிராம் எடையை இழக்கின்றது. முழங்காலளவு நீர் வருமுன்பே சக்கரங்கள் வீதியின் பிடியை விட்டுவிடும். அதன்பின் அது வண்டியன்று, சுக்கான் இல்லாத தோணி. நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது.

உழவு இயந்திரம் உயரமானது, கனமானது, ஆதலால் ஆபத்தில்லை என்பது இப்பகுதியில் வேரூன்றிய நம்பிக்கை. அதன் பெருஞ்சக்கரங்களினுள் இருக்கும் காற்றே அதனை மேலே தூக்க முனையும். பின்னால் இழுபடும் பெட்டியின் அகன்ற பக்கத்தில் ஓட்டம் முழுவதும் மோதும். 2024 நவம்பர் 26ஆந் திகதி, மட்டக்களப்பிற்குத் தெற்கே அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் மாண்டனர்.

ஓடும் நீரின் அடியில் வீதி இன்னும் இருக்கின்றதா, அரித்துச் செல்லப்பட்டதா என்பதைக் கரையில் நின்று எவராலும் கூற இயலாது. பழகிய சாரதியும் இதற்கு விலக்கல்லர். பழக்கமே அவரைத் துணியச் செய்கின்றது. கலங்கிய நீர் ஓடும் தாம்போதியில் வண்டியை இறக்காது திரும்புதலே செய்யத்தக்கது. அன்றிரவு உறவினர் வீட்டிலோ பாடசாலைக் கட்டடத்திலோ தங்க நேரிடலாம்.

தேங்கி நிற்கும் ஆழமற்ற நீரைக் கடப்பவர், முதலாங் கியரில் நிறுத்தாமல் மெல்லச் செல்லவேண்டும். இயந்திரம் நடுவில் நின்றுபோனால் மீண்டும் முடுக்குதல் கூடாது. உள்ளே புகுந்த நீர் காற்றைப்போல் அழுந்தாது. இயந்திரத்தின் தண்டையே வளைத்துவிடும். கரையேறிய பின், சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிறேக்கை இடையிடையே இலேசாக மிதித்து உலர்த்திக்கொண்ட பிறகே வேகம் கூட்டலாம்.