உங்களுக்குத் தெரியுமா? மூன்று ஆண்டுக்கென வந்து நிலைத்துவிட்ட சட்டம்

இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் மன்னார்த் தீவின் மீனவர் கடலில் இறங்கவே பாஸ் காட்ட வேண்டியிருந்தது. இத்தகைய கட்டுப்பாடுகளின் சட்ட வேர்கள் எங்கே?

● இலங்கையின் பாதுகாப்புச் சட்டங்கள் ஒரே தொகுப்பில் இல்லை. அரசியலமைப்பு, தண்டனைச் சட்டக்கோவை, தனிச் சட்டங்கள் எனச் சிதறிக் கிடக்கின்றன.

● பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சுதந்திரத்துக்கு முன்பே, 1947இல் வந்தது. அவசரகால விதிகள் இதன் கீழ் பிறக்கின்றன. அரசியலமைப்பைத் தவிர எந்தச் சட்டத்தையும் அவை மீறி நிற்கலாம்.

● 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று ஆண்டுக்கென்றே வந்தது. 1982இல் அந்தக் கால வரம்பு நீக்கப்பட்டது.

● வழமையான சட்டத்தில் பொலிசாரிடம் தந்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ தந்தால் ஆகும்.

● அதே சட்டத்தின் கீழ் அமைச்சரின் ஆணையால் 18 மாதம் வரை தடுத்துவைக்கலாம் என்றிருந்தது, 2022 திருத்தத்தில் 12 மாதமானது.

அவசரகால நிலையை நீடிக்க நாடாளுமன்றம் மாதந்தோறும் வாக்களிக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்ற நிரந்தரச் சட்டத்துக்கு நீடிப்பதா என்ற கேள்வியே எழுவதில்லை. நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது.