உடைஞ்சது நாலு மரம்தான்... அதுக்கு ஏன் ஆய்வுக் குழு?

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 டொர்னேடோக்கள் பதிவாகின்றன. வைரல் வீடியோக்களில் வருவதுபோல வீட்டையே தூக்கி வீசும் ரகம் அதில் ரொம்பக் கம்மி. பெரும்பாலானவை ஏதோ ஒரு பண்ணைப் பக்கம் சில நிமிடங்கள் தரையைத் தொட்டு, சில மரங்களை முறித்துவிட்டுக் கலைந்து போகிறவை.

அதற்கும்கூட அந்நாட்டு தேசிய வானிலை சேவையின் ஊழியர்கள் பல நேரம் நேரில் வருகிறார்கள். விழுந்த மரங்களை போட்டோ எடுத்து, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். இவ்வளவு மெனக்கெடல் எதற்கு?

மரம்தான் சாட்சி

டொர்னேடோ போகும் வழியில் காற்றை அளக்கும் கருவி இருப்பது அபூர்வம். அதனால் எது, எந்த அளவுக்குச் சேதமானது என்று பார்த்து வேகத்தைக் கணிக்கிறார்கள். 2007 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டில் இருக்கும் 'இஎஃப்' அளவுகோல் இதற்குத்தான். வீடு, பள்ளி, மின்கம்பம் என 28 வகைப் பொருட்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. அதில் இரண்டு, மரங்கள்.

பெரிய கிளை ஒடிந்திருந்தால் வேகம் மணிக்குச் சுமார் 120 கி.மீ. இது இஎஃப்0, அதாவது கடைசிப் படி. நன்றாக இருந்த மரம் வேரோடு சாய்ந்திருந்தால் சுமார் 145 கி.மீ., இஎஃப்1. உளுத்த மரம், ஊறிப்போன மண் என்றால் கணக்கைக் குறைத்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. 2013 மே 31-ல் ஓக்லஹோமாவின் எல் ரெனோ அருகே 4.2 கி.மீ. அகலத்துக்கு ஒரு டொர்னேடோ வந்தது. நடமாடும் ரேடாரில் பதிவான வேகம் மணிக்கு 450 கி.மீ.க்கும் மேல். ஆனால் அது போனது பெரும்பாலும் வெட்டவெளியில். உடைய பெரிதாக எதுவும் இல்லாததால் கிடைத்த ரேங்க், இஎஃப்3 மட்டுமே! ஆக, 'பலவீனமான டொர்னேடோ' என்று செய்தி வந்தால், அது சேதத்துக்குப் போட்ட மார்க் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் விழுந்தது?

உடைந்த அளவைவிட, விழுந்த திசைதான் எனக்கு சுவாரசியமாகப் பட்டது. டொர்னேடோ காற்றை உள்ளே இழுக்கும். அதனால் பாதையின் இரு பக்க மரங்களும் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும். மேகத்திலிருந்து காற்று மொத்தமாகக் கீழே கொட்டினால் கதையே வேற. சிமென்ட் தரையில் ஒரு குடம் தண்ணியைக் கவிழ்த்தா எப்படி நாலா பக்கமும் தெறிக்கும், அப்படி மரங்கள் வெளிப்பக்கமாக விரிந்து கிடக்கும்.

இந்த வித்தியாசத்தைக் கவனித்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1971-ல் அசல் 'எஃப்' அளவுகோலை உருவாக்கிய ஜப்பானிய விஞ்ஞானி. 1945-ல் அணுகுண்டு விழுந்த நாகசாகியை நேரில் ஆய்வு செய்தவர். 1974 ஏப்ரலில், இரண்டே நாளில் 148 டொர்னேடோக்கள் அமெரிக்காவைத் தாக்கியபோது, விமானத்திலிருந்து காடுகளைப் பார்த்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் மரங்கள் நட்சத்திரம்போல வெளியே விரிந்து கிடந்தன. நாகசாகியில் பார்த்த அதே கோலம்.

அடுத்த ஆண்டு ஜூன் 24-ல் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில், இடிமழைக்கு நடுவே தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. 113 பேர் பலி. காரணத்தைத் தேடிய ஃபுஜிட்டாவுக்கு அந்தக் காட்டு மரங்கள் நினைவுக்கு வந்தன. மேலிருந்து கொட்டிய காற்றுதான் விமானத்தை அழுத்திவிட்டது என்றார். அதற்கு 'டவுன்பர்ஸ்ட்' என்று பெயரும் வைத்தார்.

சக விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. 1978-ல் சிகாகோ அருகே டாப்ளர் ரேடாரை நிறுத்தி, அப்படி ஒரு காற்றைப் பிடித்துக் காட்டினார். பிறகு, இந்தக் காற்றைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் ரேடார்கள் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களுக்கு அருகே வந்தன. விமானத்துக்குள்ளும் எச்சரிக்கைக் கருவிகள் வந்தன. இன்று தரையிறங்கும் நேரத்தில் 'விண்ட்ஷியர்' என்று காக்பிட்டில் குரல் கேட்டால், விமானி மறுபேச்சு இல்லாமல் விமானத்தை மேலே ஏற்றிவிடுவார்.