கிணற்று நீரிலுள்ள நஞ்சைத் திரட்டும் சவ்வு

கிணற்று நீர் தெளிவாகவும் சுவையாகவும் இருப்பின் அது குற்றமற்றதென்றே நாம் கருதி வந்திருக்கிறோம். உவர்ப்பை நாவும் கலங்கலைக் கண்ணும் அறியும். வயலில் தெளித்த மருந்து மழை நீருடன் மண்ணில் இறங்கிக் கிணற்றை அடைந்தால் இவ்விரண்டும் அறியா.

மக்காச்சோளம், கரும்பு வயல்களில் களைகளை ஒழிக்கப் பயன்படும் அட்ரசின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தர விதிப்படி, ஒரு லிட்டர் நீரில் இது 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது. இரண்டரை ஏக்கர் நிலத்தில் நான்கு அங்குல உயரம் நீர் நிறுத்தி, அதில் இரண்டே கிராம் மருந்தைக் கரைத்தால் ஏறக்குறைய இவ்வளவு வரும். இதை அளக்கும் கேஸ் குரோமட்டோகிராப் கருவியோ ஒரு துளியினும் சிறிய அளவையே ஏற்கும். ஆகவே முதலில் நஞ்சைத் திரட்ட வேண்டும். குடம் மோரிலிருந்து வெண்ணெய் திரட்டுவது போல.

இதற்குப் பயன்படுவது 47 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மெல்லிய வட்டச் சவ்வு. டெப்லான் இழைகளின் வலையில், எண்ணெய்த் தன்மையுள்ள பூச்சு ஏற்றிய சிலிக்கா நுண்மணிகள் சிக்கவைக்கப்பட்டுள்ளன. ஒரு லிட்டர் நீரை இதன் வழியே இழுத்தால் நீர் போய்விடும். அட்ரசின் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் எதைல் அசிட்டேட் போன்ற கரைப்பானைச் சிறிதளவு விட்டு அதைக் கழுவியெடுத்து, ஒரு மில்லிலிட்டராகச் சுண்டச் செய்வர். ஆயிரம் மடங்கு திரண்டுவிட்டது! கடல் நீரைக் குடிநீராக்கும் சவ்வைக் கொண்டும் நீரைச் செறிவாக்கலாம். ஆனால் அதில் உப்பும் உடன் திரண்டு தொல்லை தரும்.

நஞ்சு ஆயிரம் மடங்காகும்போது நமது கவனக் குறைவும் ஆயிரம் மடங்காகும் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் மறக்கலாகாது. அன்று காலை மருந்து தெளித்தவர் நீர் மாதிரி எடுக்கலாகாது. மண்ணெண்ணெய் வைத்திருந்த டப்பாவும் பிளாஸ்டிக் புட்டியும் உதவா. ஆய்வுக்கூடம் தரும் பழுப்புக் கண்ணாடிப் புட்டியே வேண்டும். அதைக் கிணற்று நீரால் அலம்பிவிட்டு நிரப்புவது நம்மவர் வழக்கம். இங்கே அது தவறு. அலம்பும் நீரிலுள்ள மருந்தும் கண்ணாடியில் ஒட்டி நிற்கும். அடிகுழாயாயின் சில நிமிடம் நீரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். புட்டியைப் பனிக்கட்டியில் வைத்துத் தாமதமின்றி அனுப்புதல் அவசியம்.

எல்லா மருந்துக்கும் இச்சவ்வு ஏற்றதன்று. பல ஆண்டுகள் நம் வயல்களில் தெளிக்கப்பட்ட மானோகுரோட்டோபாஸ் நீரில் எளிதாகக் கரைவதால் இதில் நன்கு ஒட்டுவதில்லை. அதற்கு வேறு முறை வேண்டும். எனவே, சுற்று வயல்களில் எந்தெந்த மருந்து, எப்போது தெளிக்கப்பட்டது என்ற பட்டியலையும் புட்டியுடன் அனுப்புவது பஞ்சாயத்தின் பொறுப்பாகும்.