பார்வையற்றோரும் கணினித் தேர்வும்

கல்வியைக் கண்ணெனப் போற்றுவது தமிழர் மரபு. புறக்கண் இல்லார்க்கும் அக்கண்ணை அளித்தல் வேண்டுமென்னும் நன்னோக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உளது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890ஆம் ஆண்டிலேயே பார்வையற்ற சிறார்க்குப் பள்ளி தொடங்கினார். நம் தஞ்சையிலும் அவர்கட்கென அரசினர் மேனிலைப் பள்ளி ஒன்று நடைபெற்று வருகின்றது. ஆறு புள்ளிகளாலாய பிரெயில் எழுத்தை விரலால் தடவிக் கற்கும் இம்மாணவர், கற்றதைத் தேர்வில் காட்டுமிடத்து மட்டும் பிறர் கண்ணையும் கையையும் நாட வேண்டியவராகின்றனர்.

வினாவைப் படித்துக் காட்டி விடையை எழுதும் துணைவரைச் சொல்வதை எழுதுபவர் என்பர். தேர்வர் தாமே அழைத்து வரும் துணைவர், அவரினும் ஒரு படி குறைந்த கல்வியுடையராதல் வேண்டுமென மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் நெறி வகுத்தது. நேர்மை கருதிய விதியே அது. ஆயினும் அதனால் விளையும் இடர் ஒன்றுண்டு. யாப்பிலக்கண வினாவில் வரும் 'தளை' என்னும் சொல்லைத் துணைவர் 'தலை' என வாசிப்பாராயின், இலக்கணம் நன்கறிந்தாரும் மயங்குவர். பிழை ஒருவருடையது, இழப்பு மற்றொருவருடையது. மேலும், தை மாத அறுவடை நாளில் ஒருநாள் வேலையை விட்டு உடன்வருவாரைச் சிற்றூரிலே தேடுதல் எளிதன்று.

இவ்விடரைக் களையவல்லது கணினி. திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். பார்வையற்றவராகிய மைக்கேல் கரன் என்பார் 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது. தேர்வர் காதணி ஒலிப்பான் பூண்டு, விசைப்பலகையால் வினாவை வேண்டிய முறை கேட்கலாம். ஐயமுற்ற சொல்லை எழுத்தெழுத்தாகவும் கேட்கலாம். கருவி சலிப்பதில்லை.

கல்லூரி ஆசிரியப் பணிக்குரிய தேசியத் தகுதித் தேர்வு 2018 டிசம்பரில் கணினிவழித் தேர்வாயிற்று. ஆயினும், கணினி வந்தமையால் மட்டும் வழி திறந்துவிடாது. வினாவைப் படமாக ஒட்டிவைப்பின் திரைவாசிப்பானுக்கு அது வெறுஞ்சுவரே. தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் அமையாவிடின் பொருளற்ற ஒலியே எழும். சுட்டியால் மட்டும் விடையைத் தெரிவு செய்ய இயலுமாயின், விசைப்பலகையையே நம்பியவர் என்செய்வார்? எஞ்சிய நேரத்தைத் திரையின் மூலையில் காட்டினாற் போதாது. கேட்கவும் வகை வேண்டும். வரைபடங்கட்குச் சொல்லால் விளக்கம் வேண்டும்.

மணிக்கு 20 நிமிடம் மிகைநேரம் அளித்தலும், தேர்வுக்கு முதல்நாளே கணினியைச் சோதித்துப் பார்க்க இடந்தருதலும் 2018ஆம் ஆண்டின் நெறிகளில் இடம்பெற்றன. மென்பொருளே அடைபட்டிருப்பின் மிகைநேரத்தால் யாது பயன்? மின்னணுச் சேவைகளை எய்தும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியென உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்துள்ளது.

துணைவரை விரும்புவார்க்குத் துணைவரும், தாமே எழுத விழைவார்க்குத் திரைவாசிப்பானும் கிடைத்தல் வேண்டும். தேர்வு அளக்க வேண்டுவது தேர்வரின் அறிவையேயன்றி, அருகிருப்பார் வாசிக்கும் திறனையன்று. இஃது இரக்கத்தால் ஈயும் சலுகையன்று. தேர்வு தேர்வாக நிற்பதற்கு வேண்டிய முறைமையேயாம்.