சர்வரைக் குடிவைக்கும் இடம்

சிவகாசியில் அச்சான நாட்காட்டி தொங்காத வீடு நம் நாட்டில் அரிது. 1923-ஆம் ஆண்டளவில் தீப்பெட்டித் தொழிலோடு தொடங்கி, பின்னர்ப் பட்டாசும் அச்சும் சேர வளர்ந்த அவ்வூரின் வாணிகம் இக்காலத்தில் தபாலையும் ஏஜெண்டுகளையும் மட்டும் நம்பியிருக்கவில்லை. நாட்காட்டி மாதிரிகளும், கலியாணப் பத்திரிகை வடிவங்களும், விலைப்பட்டியல்களும் இணையதளத்தில் ஏறியிருக்கின்றன. அச்சகத்துக்கு வரவேண்டிய வண்ணப்படங்களும் அவ்வழியே வருகின்றன. பட்டாசு விஷயம் வேறு; வணிக இணையதளங்கள் அதற்கு ஆர்டர் ஏற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஆதலின் இங்கே நாம் கருதுவது பெரும்பாலும் அச்சுத் தொழிலாரையும் பிற வணிகரையுமே.

இவர்களுள் ஒருவர், “என் இணையதளத்தைத் தாங்கும் யந்திரத்தைக் கண்ணுக்கெட்டிய தூரத்தில், விருதுநகரிலோ மதுரையிலோ வைத்துக்கொள்ள இடம் உண்டா?” என்று வினவுவாராயின், அவ்வினா நியாயமானதே. சரக்கைத் தன் கிட்டங்கியில் வைத்துப் பழகியவருக்கு, காணாத ஊரில் காணாத அறையில் தம் கணக்கு இருப்பது மனத்துக்கு ஒவ்வாது. ஆயினும் விடை கூறுமுன் அந்த யந்திரத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

சர்வர் என்பது இராப்பகலாக ஓய்வின்றி உழைத்துக் கேட்பவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறியே. பத்தொன்பது அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டத்தில் தட்டுத் தட்டாக இதனை அடுக்குவர். ஒரு தட்டின் உயரம் ஒன்றே முக்கால் அங்குலம். ஒரு சட்டத்தில் பொதுவாக நாற்பத்திரண்டு தட்டுகள் அமையும். இத்தகைய சட்டங்கள் வரிசையாக நிற்கும் கட்டிடமே தரவு மையம், அதாவது டேட்டா சென்டர் எனப்படுவது. சொந்த யந்திரத்தைக் கொண்டுபோய் அங்கே சில தட்டுகளுக்கு வாடகை கொடுத்து வைக்கலாம். அவர்களுடைய யந்திரத்தையே வாடகைக்குக் கொள்ளவும் செய்யலாம்.

இனி அக்கட்டிடத்தின் அருமையை நோக்குவோம். சர்வர் உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. நிறைய அடுக்கிய ஒரு சட்டம் ஐந்து கிலோவாட் கொள்ளுமாயின், ஐந்து கிலோவாட் அடுப்பு ஒன்று அணையாமல் எரிவதாகவே கொள்ளலாம். இவற்றுள் புகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்ஸியஸ் அளவில் இருத்தல் நலம் என்பது வல்லுநர் கொள்கை. சித்திரை வெயிலில் விருதுநகர் எவ்வாறு காய்கிறது என்பதை அவ்வூரார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை! மின்சாரம் நின்றால் டீசல் ஜெனரேட்டர் எழும்பச் சில விநாடிகள் ஆகும். அச்சில விநாடிகளையும் பாட்டரிகள் தாங்க வேண்டும். இவ்வேற்பாடுகளின் தரத்தை நான்கு படிகளாக வகுத்திருக்கின்றனர். முதற்படியில் ஆண்டுக்கு ஏறக்குறைய இருபத்தொன்பது மணி நேரம் தடைப்படலாம். மூன்றாம் படியிலோ ஒன்றரை மணியினும் சற்றே அதிகம். கடைக்குப் பின்னறையில் ஒரு குளிர்சாதனமும் ஓர் இன்வெர்ட்டரும் வைத்து இம்மூன்றாம் படியை எட்டுதல் இயலாது.

நெருப்பைப் பற்றிச் சிவகாசியாருக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டா. பட்டாசு ஆலைகளில் சிறு சிறு அறைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதும், ஒவ்வொன்றிலும் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரையறை இருப்பதும் எதற்காக? ஓர் அறையின் தீ மற்றோர் அறைக்குத் தாவாமைக்கே. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த கோர விபத்தை அவ்வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. இந்த விதியே தரவுக்கும் பொருந்தும். பிரெஞ்சு தேசத்து ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் என்னும் கம்பெனியின் ஐந்தடுக்குத் தரவு மையம் ஒன்று 2021 மார்ச் 10-ஆம் நாள் எரிந்து அழிந்தது; அடுத்திருந்த கட்டிடத்திலும் ஒரு பகுதி வெந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், மூலத்தையும் அதன் நகலையும் அவ்வொரே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தனர். நகலுக்கும் மூலத்துக்கும் இடையே வெளி விடாமையே அவர்கள் கேட்டுக்குக் காரணம். சர்வர் அறைத் தீயைத் தண்ணீரை வாரி இறைத்து அணைப்பதும் தகாது. யந்திரத்தைக் கெடுக்காத வாயுக்களைப் பாய்ச்சுவதே பெரும்பாலும் வழக்கம்.

அடுத்தது தூரம். “பக்கத்தில் இருந்தால் விரைவாக வருமே” என்பது பலருடைய எண்ணம். கண்ணாடி இழையினுள்ளே ஒளி ஒரு விநாடியில் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். சிவகாசிக்கும் சென்னைக்கும் இடைவழி ஏறக்குறைய 550 கிலோமீட்டர்; போய்வர 1,100. ஒரு விநாடியை ஆயிரங் கூறிட்டால் அவற்றுள் ஐந்தரைக் கூறே இதற்குச் செல்லும். இழை வளைந்து போவதாலும், இடையிலுள்ள கருவிகளாலும் இது சில மடங்கானாலும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அடங்கும். மேலும், தரைவழியில் அண்மை என்பது கம்பிவழியில் அண்மை ஆகாது. அடுத்த தெருவுக்கு இட்ட கடிதமும் தபால் பிரிக்கும் நிலையத்துக்குப் போய்த்தான் திரும்புகிறது. அதுபோல ஒரு கம்பெனியின் இணைப்பிலிருந்து வேறொரு கம்பெனியின் இணைப்பிலுள்ள மதுரை யந்திரத்தைத் தேடும் செய்தி, பல சமயங்களில் சென்னை சென்று கைமாறியே மதுரைக்கு மீள்கிறது.

சென்னைக்கு இச்சிறப்பு வந்தது கடலினால். 2002-இல் சிங்கப்பூரிலிருந்து ஐ-டு-ஐ என்னும் கடலடிக் கேபிள் அங்கே கரையேறியது. வேறு சிலவும் பின்தொடர்ந்தன. கேபிள் ஏறும் இடத்தைச் சுற்றித் தரவு மையங்கள் பெருகுவது, துறைமுகத்தைச் சுற்றிக் கிட்டங்கிகள் பெருகுவது போன்றதே. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இவை இன்று பெருங்கட்டிடங்களாக நிற்கின்றன. தமிழ்நாட்டு அரசும் 2021-இல் இத்தொழிலுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தென்காசிக்கு அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் இருந்து உலகத்துக்கே மென்பொருள் செய்யும் ஸோஹோ நிறுவனமும், இந்திய வாடிக்கையாளர் தரவை வைத்திருப்பது சென்னையிலும் மும்பையிலுமே. வேலை செய்யும் ஆள் கிராமத்தில் இருக்கலாம். யந்திரம் இருக்க வேண்டிய இடம் வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆகவே மூலத்தைச் சென்னையில் வைத்தல் தகும். இடம் பேசும்போது வாடகையை மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. மின்சாரம் இருவழியாக வருகிறதா? இழைகள் வேறு வேறு கம்பெனிகளுடையவையாய், வேறு வேறு வழியாய்க் கட்டிடத்துள் புகுகின்றனவா? நள்ளிரவில் யந்திரம் மயங்கினால் அதனைத் தொட்டு எழுப்ப அங்கே ஆள் உண்டா, அதற்குக் கூலி தனியா? சிவகாசியிலிருந்து ஓரிரவு ரயிலேறிப் போவதைவிட அக்கூலி மலிவாகவே இருக்கும்.

நகலோ சொந்த ஊருக்கே உரியது. சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் தவித்த நகரம். விருதுநகர் ஜில்லாவோ கடலும் இல்லாமல், மழையும் குறைந்து வறண்ட பூமி. பயிருக்குக் குறையான இவ்வறட்சி இவ்வொன்றுக்கு உதவுகிறது. அச்சகத்திலேயே, மை, காகிதக் கட்டுகள் முதலியவற்றுக்கு எட்ட, பூட்டிய அறையில் ஒரு சிறு யந்திரத்தை வைத்து, இரவுதோறும் சென்னையிலிருந்து அன்றைய மாற்றங்களை மட்டும் இறக்கிக்கொண்டால் போதும். இதற்கு ஜெனரேட்டரும் வேண்டா. ஓரிரவு மின்சாரம் நின்றால் மறுநாள் இறக்கிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்நகலைத் திறந்து, சென்ற ஆண்டின் நாட்காட்டிப் படம் ஒன்றைப் பழுதின்றி எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.