ஸ்ரீரங்கத்தைக் காணாத கணிப்பொறி

திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். இதற்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. ஆனால் என் மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கு ஒருநாள் அந்த ஊர் அகப்படவில்லை!

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். மாணவர்களைக் கோளரங்கத்துக்கு அழைத்துச் செல்லப் பெயர்ப்பட்டியல் ஒன்று தயாரித்தோம். பாதியைக் கணிப்பொறியிலும் மீதியைக் கைபேசியிலும் இருவர் தட்டச்சு செய்தனர். நான் 'ஸ்ரீரங்கம்' என்று தேடி, கிடைத்த பெயர்களை எண்ணி வேன் ஏற்பாடு செய்தேன். காலையில் ராஜகோபுரத்தருகே நான்கு பேர் கூடுதலாக நின்றார்கள். வேனில் இடமில்லை. "சார், நான் பேர் கொடுத்தேனே" என்றாள் ஒரு மாணவி. கொடுத்திருக்கமாட்டாய் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். திரும்பி வந்து பட்டியலை வரிவரியாகப் படித்தபோது அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் ஸ்ரீரங்கம் என்றும் இருந்தது.

கண்ணுக்குத் தெரிவது கணிப்பொறிக்குத் தெரியாதது ஏன்?

கணிப்பொறி எழுத்தின் வடிவத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். யூனிகோடு என்னும் உலக முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஸ என்பது 3000. புள்ளி 3021. ர என்பது 2992. ஈகாரக் குறி 3008. இந்த நான்கும் வரிசையாக வந்தால் திரையில் 'ஸ்ரீ' என்ற ஒரே வடிவம் தோன்றும். 2005இல் வெளிவந்த 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்து 2998ஆம் இடத்தில் சேர்க்கப்பட்டது. வடமொழியில் அச்சொல்லின் முதல் ஒலி அதுவே. ஆகவே 2998இல் தொடங்கும் தொடரும் அதே வடிவத்தைத் தருகிறது. படம் ஒன்று, எண்தொடர் இரண்டு! கைபேசி ஒன்றையும் கணிப்பொறி மற்றொன்றையும் பதிந்திருந்தன.

கொள்ளிடத்துக்கும் இப்படி இரு வழிகள் உண்டு. 'கொ'வில் உள்ள குறியை 3018 என்ற ஓரெண்ணாகவும் எழுதலாம்; 3014, 3006 என இரண்டாகவும் எழுதலாம். ஆனால் இவ்விரண்டும் சமம் என்று யூனிகோடே விதித்துவிட்டது. ஸ்ரீக்கு அப்படி விதி இல்லை. ஆற்றுக்குக் கிடைத்த சலுகை ஊருக்குக் கிடைக்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

குறையை யார் திருத்துவது? மூல நிரலைப் பூட்டி வைத்த மென்பொருளாயின், விற்ற நிறுவனத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திறந்த மூல மென்பொருளில் நிரல் எல்லோர் பார்வைக்கும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் பைத்தான் மொழியே அத்தகையதுதான். அதில் 'திருச்சி'யின் நீளத்தைக் கேட்டால் 8 என்கிறது. நமக்குத் தெரிந்தவையோ நான்கு எழுத்துகள்! தமிழ்ச் சொல்லை நம் எழுத்துகளாகவே பிரித்துத் தர, முத்து அண்ணாமலையும் பிற ஆர்வலர்களும் 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரல் தொகுப்பை ஆக்கி எல்லோருக்கும் திறந்து வைத்துள்ளனர்.

இத்தகைய பணியில் சேர நிரல் எழுதத் தெரிந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பிழையைச் சரியாக அறிவிப்பதே பாதி வேலை. "தேடல் சரியில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தச் சொல்லைத் தேடினீர்கள், எது வந்திருக்க வேண்டும், எது வந்தது என்று எழுதுங்கள். படம் மட்டும் அனுப்பாதீர்கள். நம் வழக்கில் படம் இரண்டிலும் ஒன்றுதானே!

அடுத்தது திருத்தம். மூலத்தின் நகலில் மாற்றம் செய்து, சேர்த்துக்கொள்ளுமாறு வேண்ட வேண்டும். மாற்றங்களைக் கணக்கு வைக்கும் 'கிட்' என்ற கருவியை 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கினார். தொகுப்பைப் பராமரிப்போர் கேள்வி கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். மனம் வாடத் தேவையில்லை.

கோளரங்கம் காணாத அந்த மாணவி பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினாள். எங்கே 2998 வந்தாலும் 3000 ஆக்கு என்பது அவளது முதல் முயற்சி. ஸ்ரீரங்கம் முழுவதும் கிடைத்தது. எனக்கும் சரியாகவே தோன்றியது. அவள் தோழிதான் தடுத்தாள்: தமிழ் எழுத்தில் அச்சிட்ட வடமொழித் தோத்திரங்களில் ஶ தனியே வருமே, அவையெல்லாம் ஸ ஆகிவிடாதா? உண்மைதான். நான்கு எண்களும் சேர்ந்து வரும்போது மட்டும் மாற்றுமாறு திருத்தினாள். பழைய ஸ்ரீ, புதிய ஸ்ரீ, தனி ஶ என மூன்று சோதனைகளையும் உடன் சேர்த்தாள். சோதனை இல்லாத திருத்தத்தை நான் இப்போது வாங்குவதில்லை.

அடுத்த பயணத்துக்கு அந்த நிரலே பட்டியலைப் பிரித்தது. ஸ்ரீரங்கத்து மாணவர் எல்லோரும் வந்தனர், ஒருவனைத் தவிர. அவன் தன் ஊரை 'திருவரங்கம்' என்று எழுதியிருந்தான். அதற்கான வரிகளை அவள் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள்.