களவாவின் செவுளுக்குள் ஒரு அணசு

களவா மீனின் செவுளில் புழு இருக்கும் என்கிறார்களே, நிஜமா, சாப்பிடலாமா என்று கேட்டு ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். நிஜம்தான். தாராளமாகச் சாப்பிடலாம். அந்தப் புழு மனிதரிடம் ஒட்டாது. போதாததற்கு, மீன் வெட்டுபவரே செவுளைப் பிய்த்துப் பூனைக்கு வீசிவிடுகிறார். பதில் இவ்வளவுதான். ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டாரே, என்னால் இதோடு நிறுத்த முடியவில்லை.

மோனோஜீனியா என்பது மீன்மேல் வாழும் தட்டைப்புழுக் கூட்டம். களவாச் செவுளில் இருப்பவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தொடாதவை. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு நீந்தி வந்து நேராக மீனைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் நத்தை, நண்டு என்று எந்த இடைத்தங்கலும் கிடையாது. வால்பக்கம் கொக்கிகள் உண்டு, அவற்றோடு குட்டிக் கம்பிகளை வட்ட வட்டமாக அடுக்கிய இரண்டு தட்டுகளும் உண்டு. தேங்காய்த் துருவியின் முகத்தை ஞாபகப்படுத்தும் தட்டுகள் அவை. மீன் ஓயாமல் செவுள் வழியே தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்க, இவை அசையாமல் பிடித்திருக்கும்.

எனக்குப் பிடித்தது இதுவல்ல, இந்தப் புழுக்களுக்குப் பெயர் வைக்கும் விதம். ஜப்பானிய ஆய்வாளர் யமகுட்டி 1958-இல் சூடோராப்டோசினோகஸ் என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். அதில் உள்ளவை பெரும்பாலும் களவாக்களின் புழுக்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. வேறுபாட்டைத் தேட வேண்டிய இடம் இனப்பெருக்க உறுப்புகள். ஆண் உறுப்பு அவரைவிதை போல வளைந்து, உள்ளே நாலு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். இது பேரினத்தின் முத்திரை. இனத்துக்கு இனம் மாறுவது பெண்பக்கத்துக் கெட்டியான குழல். நாதஸ்வரத்தின் அணசு போல விரிந்த வாய், அப்புறம் ஒரு கால்வாய், ஒரு சின்ன அறை, மறுபடி கால்வாய், இன்னொரு அறை. தலைமயிரின் கனத்துக்குள் அடங்கக்கூடிய இந்தச் சங்கதியில் வளைவு எங்கே, அறை எவ்வளவு என்பதை வரைந்து அளந்தால்தான் புது இனமா பழையதா என்று சொல்ல முடியும்.

அளப்பதில்தான் வில்லங்கம். என் அம்மா இடும் அப்பளமும் அத்தை இடும் அப்பளமும் ஒரே மாவு, ஒரே உருண்டைதான். அம்மாவுடையது தட்டை நிறைக்கும், அத்தையுடையது உள்ளங்கையோடு நின்றுவிடும். கண்ணாடித் தகட்டில் புழுவும் அப்படித்தான். எவ்வளவு அழுத்தினோம், எந்த மருந்தில் பதித்தோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். அழுத்தும்போது குழல் கொஞ்சம் புரண்டால் அறையின் வடிவமே வேறாகத் தெரியும். நியூ கலிடோனியாவில் களவாப் புழுக்களை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஜான்-லூ ஜுஸ்தீன், 2005-இல் ஒரு புது இனத்தைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, வெவ்வேறு முறையில் பதித்த புழுக்களின் அளவுகளையும் ஒப்பிட்டுப் போட்டிருக்கிறார். அந்த ஒப்பீடு இல்லாமல் அளவை மட்டும் நம்பினால், அத்தையின் அப்பளத்துக்குப் புதுப் பெயர் வைத்தவர்களாகிவிடுவோம்.

பெயர் தவறிப்போன கதைகளும் இருக்கின்றன. ஒலிவர் என்பவர் 1968-இல் சைக்ளோப்ளெக்டானம் என்று ஒரு பேரினம் அமைத்தார். அது யமகுட்டியுடையதே என்று 1986-இல் தெரிந்தது. முந்தியவர் வைத்த பெயரே நிற்கும் என்பது சட்டம், எனவே பிந்தியது போயிற்று. நடுவே பதினெட்டு வருடம்.

ஜுஸ்தீனும் கூட்டாளிகளும் ஏழு ஆண்டுகளில் 28 வகைக் களவாக்களின் ஒட்டுண்ணிகளைச் சேகரித்து 2010-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் மோனோஜீனியா மட்டும் 56 இனம். ஒரு மீன் குடும்பத்துக்கு, ஒரு தீவுக் கடலில்! அவர்கள் ஒவ்வொரு மீனுக்கும் எண் கொடுத்து, அளந்து, படமெடுத்து வைத்தார்கள். இந்தப் புழுக்களில் பல தத்தமக்குரிய களவாவைத் தவிர வேறெதையும் தொடாது. மீனின் பெயர் தவறினால் புழுவின் பெயரும் தவறும்.

நம்மூரிலோ சந்தைக்கு வரும் பல இனங்களுக்கும் களவா என்ற ஒரே பெயர்தான். சமைக்க அது போதும், ஆராய்ச்சிக்குப் போதாது. நம்மிடம் ஆர்வமில்லை என்று சொல்ல மாட்டேன். திருவனந்தபுரம் கடலோர மீன்களின் மோனோஜீனியாக்களை உண்ணித்தான் 1950-களிலேயே விவரித்தார். அந்த வேலைக்கு இன்று ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். நுண்ணோக்கியில் மணிக்கணக்காகக் குனிந்து ஒரு குழலின் வளைவை வரைபவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? ஆனால் அந்த வேலையின் அருமை கூண்டில் மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டால் தெரியும். இதே கூட்டத்தைச் சேர்ந்த நியோபெனிடீனியா தோலில் பெருகிவிட்டால் மீன் வலையில் உராய்ந்து உராய்ந்து புண்ணாகும். பிடித்து நன்னீரில் முக்கியெடுத்தால் புழு வெளுத்து உதிரும். எந்தப் புழு என்று தெரியாமல் கண்ட மருந்தைக் கொட்டுவது பணத்தையும் கடலையும் சேர்த்துக் கெடுப்பது.

ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் எனக்கு ஒரு பழைய குப்பியைக் காட்டினார்கள். அடியில் கொஞ்சம் வண்டல், கிளறினால் வெள்ளைத் துகள்கள். ஊசிமுனையில் ஒன்றை எடுக்கப் பார்த்தேன், இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை கண்ணாடியில் விழுந்து, மங்கலாகக் கொக்கிகள் தெரிந்தன. குப்பியைத் திருப்பி ஒட்டுத்தாளைப் படித்தேன். ‘களவா, சந்தை’ என்று மட்டும் எழுதியிருந்தது.